ஒரு புலிக்கு ஐந்நூறு மான்

முதுமலை வழியாகப் பேருந்திலோ காரிலோ போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். புள்ளிமான் கூட்டம் கூட்டமாக நிற்கும். காட்டுமாடு தெரியும். யானைகூடக் கண்ணில் படும். புலி மட்டும் வராது. அது மறைந்து வாழும் விலங்கு என்பது உண்மைதான். அதைவிடப் பெரிய காரணம், புலி எண்ணிக்கையிலேயே குறைவு. வேட்டையை அடியோடு ஒழித்தாலும் காவலர்களை இரட்டிப்பாக்கினாலும், ஒரு காடு தாங்கக்கூடிய புலிகளுக்கு உச்சவரம்பு ஒன்று உண்டு. அந்த வரம்பு தரையில் முளைக்கும் புல்லில் தொடங்குகிறது.

கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் பல்லாண்டு ஆய்வு செய்த உல்லாஸ் கரந்த் குழுவினரின் கணக்கு எளிமையானது. ஒரு புலி ஆண்டுக்குச் சுமார் 50 பெரிய விலங்குகளை அடித்துத் தின்கிறது. அதற்காக 50 மான் உள்ள காட்டில் ஒரு புலியை விட்டால் ஒரே ஆண்டில் காடு காலியாகிவிடும். மந்தையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் புலி எடுத்துக்கொண்டால்தான் மீதி இனம் பெருக்கி ஈடுகட்டும். சிறுத்தையும் செந்நாயும் தங்கள் பங்குக்கு வேறு காத்திருக்கின்றன. ஆக, முதல் 500, வட்டி 50. புலி வட்டியில் மட்டுமே பிழைக்க வேண்டிய பிராணி. 2022 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 306 புலிகள். அப்படியானால் அவற்றுக்காக ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மானும் மிளாவும் காட்டுமாடும் பன்றியும் நம் காடுகளில் மேய்ந்துகொண்டிருக்க வேண்டும்.

அந்த ஒன்றரை லட்சத்துக்கும் தீனி எங்கிருந்து வருகிறது? வெயிலிலிருந்து. தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெயில் விழுகிறது. இலைகள் அதில் பிடித்துவைப்பது பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு பங்கு என்றே வைத்துக்கொண்டாலும், பத்து வாட் பல்பு ஒன்றை ஐந்து மணி நேரம் எரிக்கத்தான் அது காணும். அதிலும் ஏறக்குறையப் பாதியைச் செடி தன் மூச்சுக்கே செலவழித்துவிடும். மிச்சம்தான் இலை, தண்டு, வேர், விதை. காட்டிலுள்ள மற்ற உயிர்கள் அத்தனையும் இந்த மிச்சத்தை நம்பித்தான் இருக்கின்றன.

அடுத்த இழப்பைப் பார்க்க யானை லத்தி ஒன்றைக் கிளறினாலே போதும். நார் நாராக, மென்று துப்பியதுபோல, பாதிக்கு மேல் செரிக்காத தீனி. நடுவே முழுசாகப் புளியங்கொட்டைகள். நாளொன்றுக்கு 150 கிலோ வரை தின்னும் யானை, அதில் பாதியைக்கூடச் செரிப்பதில்லை. ஆனால் அது வீணாவதும் இல்லை. லத்தி விழுந்த சற்று நேரத்தில் சாணவண்டு வந்துவிடும், பிறகு கறையான், இவற்றைக் கொத்தக் காட்டுக்கோழி காலால் கிளறும். உணவுச் சங்கிலி என்றதும் புல், மான், புலி என்று பள்ளிப் பாடப் படம்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் காட்டின் பசுமையில் பெரும்பகுதியை எந்த மானும் தொடுவதில்லை. அது சருகாக உதிர்ந்து பூஞ்சைக்கும் கறையானுக்கும் போகிறது. புற்றை உடைத்துக் கறையானை உறிஞ்சும் கரடி அந்தச் சருகின் ஆற்றலில் வாழும் விலங்கு. அந்தப் படத்தில் கரடிக்கு ஏன் இடம் தருவதில்லை என்று தெரியவில்லை.

மூன்றாவது செலவு உடம்புச் சூடு. மானும் புலியும் வெப்பரத்தப் பிராணிகள். செரித்ததில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் சதையாகவும் குட்டியாகவும் மாறுகிறது. மற்றதெல்லாம் ஓட, மூச்சுவிட, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளச் செலவாகி, வெப்பமாகக் காற்றில் கலந்துவிடுகிறது. மலைப்பாம்பு ஒரு பெரிய இரையை விழுங்கிவிட்டு வாரக்கணக்கில் படுத்துக்கிடப்பது உடம்பைச் சூடாக்கும் இந்தச் செலவு அதற்கு இல்லாததால்தான். இப்படிப் போன வெப்பத்தை எந்தச் செடியும் திரும்பப் பிடிக்க முடியாது. சத்துகளின் கதை வேறு: மான் உதிர்த்த கொம்பை முள்ளம்பன்றி கொறிக்கும், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மண்ணுக்கு வந்து மறுபடி புல்லில் ஏறும். ஆற்றலுக்கு அந்தச் சுழற்சி கிடையாது. ஒருமுறை வந்தது ஒருவழியாகவே போய்விடும்; சூரியன் தினமும் புதிதாகத் தந்தாக வேண்டும்.

இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர் ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்க இளைஞர். மினசோட்டாவின் சீடார் பாக் என்ற சிறு ஏரியைப் பல ஆண்டுகள் அலசி, பாசியிலிருந்து மீன் வரை ஒவ்வொரு படியிலும் எவ்வளவு ஆற்றல் ஏறுகிறது என்று எழுதினார். ஊகம் அதிகம் என்று மதிப்பீட்டாளர்கள் கட்டுரையைத் தள்ளினார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஹட்சின்சன் வாதாடி அதை மீட்டார். 1942இல் அச்சில் வந்தபோது லிண்டெமன் உயிரோடு இல்லை. 26 வயதில் நோயால் இறந்துபோயிருந்தார். ஒரு படியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்கு ஏறும் என்ற ‘பத்து சதவீத விதி’யின் ஆசிரியராக நம் மாணவர்கள் அவரைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அவருடைய ஏரியில் தாவர உண்ணிகளுக்குக் கிடைத்த எண் 13.3 சதவீதம், ஊனுண்ணிகளுக்கு 22.3. பத்து என்பது தோராயத்துக்குச் சொல்லும் சராசரி. இடத்துக்கு இடம், உயிருக்கு உயிர் மாறும். புலி மந்தையிலிருந்து எடுக்கும் பத்தில் ஒரு பங்கு வேறு, இந்தப் பத்து வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இனி ஒரு முரண். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை. மழைக்காடு, பார்த்தால் பச்சை கொழிக்கிறது. ஆனால் அங்கே புலிகள் மிகக் குறைவு. பாதி ஆண்டு காய்ந்து கிடக்கும் முதுமலையில் புலிகள் அதிகம். மழைக்காட்டின் இலையெல்லாம் உச்சாணிக் கிளையில் இருக்கிறது. அதைக் கருமந்தியும் மலையணிலும் எட்டும், மான் எட்டாது. முதுமலை இலையுதிர் காடு என்பதால் வெயில் தரை வரை இறங்குகிறது, புல் முளைக்கிறது, மான் மேய்கிறது. இரை கிடைப்பதைப் பொறுத்துத்தான் புலியின் எல்லையும் விரியும். நேபாளத்தின் சித்வானில் ஒரு பெண்புலிக்குச் சுமார் 20 சதுர கிலோமீட்டர் போதும். இரை அரிதான ருஷ்யாவின் தூரக்கிழக்கில் ஏறக்குறைய 400 வேண்டும்.

முதுமலையின் இந்த அனுகூலத்துக்குத்தான் இப்போது ஆபத்து. உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. அது வெயிலை நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் அதன் இலையைத் தின்றால் ஆடுமாடுகளுக்குக் கல்லீரல் கெட்டுப்போகும், மானும் சீண்டாது. பழத்தைக் கொண்டைக்குருவி தின்று விதையைப் பரப்ப, புதர் மூடிய இடத்தில் புல் செத்துப்போகிறது. புலிக்குப் போக வேண்டிய ஆற்றல் முதல் படியிலேயே தடம் மாறிவிடுகிறது. 2020இல் இந்திய வனஉயிர் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, நாட்டின் காடுகளில் 1,54,000 சதுர கிலோமீட்டரில் இச்செடி பரவியிருக்கிறது. புலிகள் வாழும் நிலப்பரப்பில் நாற்பது சதவீதத்துக்கும் மேல். மஞ்சள் கொன்றை என்ற பெயரில் வந்து சேர்ந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரமும் அதே வேலையைச் செய்கிறது.

கூடலூர்ப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிக்கட்டையில் செய்த நிஜ அளவு யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. மஞ்சள் கொன்றை மரங்கள் கரூர் புகழூரிலுள்ள அரசுக் காகித ஆலைக்குக் கூழுக்காகப் போகின்றன. இரண்டும் நல்ல யோசனை. ஆனால் வெட்டுவது பாதி வேலைதான். வெட்டிய அடிக்கட்டை துளிர்க்கும். மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு முளைக்கும். அங்கே உள்ளூர்ப் புல் திரும்ப வரும்வரை அந்த நிலம் மானுக்கும் புலிக்கும் இல்லாத நிலம்தான்.

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புலிக் கணக்கு வெளியாகும்போது கூடியதா குறைந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். மான் எத்தனை, உண்ணிச்செடி அகற்றிய நிலத்தில் எத்தனை ஏக்கரில் புல் வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.