கணிதமும் மனநோயும்

ஓர் அறிஞர் வெளியிட்ட கட்டுரைகளின் பட்டியலைக் காண்போர் முதலில் அவற்றின் தொகையையே எண்ணுவர். அவை எவ்வெப் பத்திரிகைகளில் வெளிவந்தன என்று நோக்குதல் அதனினும் பயன் தருவதாம். காலஞ்சென்ற சி. ஆர். ராவ் அவர்களின் பிரசுரங்களை அவ்வாறு நோக்குவோம்.

அந்நாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த பல்லாரி ஜில்லாவின் ஹடகளியில் 1920-ல் பிறந்த இவர், ஆந்திர சர்வகலாசாலையில் கணிதம் பயின்று, 1941-ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தை அடைந்தார். ஒரு மதிப்பீடு எவ்வளவு நுட்பமாக அமையக்கூடும் என்பதற்கு எல்லை வகுத்த அவரது புகழ்பெற்ற கட்டுரை, 1945-ல் கல்கத்தா கணித சங்கப் பத்திரிகையில் வெளிவந்தது. 1949-லோ அவர் பெயரைப் பிரிட்டிஷ் மனோதத்துவப் பத்திரிகையின் புள்ளியியல் பகுதியிலே காண்கிறோம். பாட்ரிக் ஸ்லேட்டருடன் எழுதிய அக்கட்டுரை, மனநோயாளர் வகுப்புகளுக்கிடையே உள்ள வேற்றுமைகளை ஆராய்வது.

கணித வல்லுநருக்கு நோயாளரிடம் யாது வேலை எனச் சிலர் வினவலாம். போடிநாயக்கனூரில் ஏலக்காயைத் தரம் பிரித்தலை நம்மவர் அறிவர். பருமன் ஒன்றையே கொண்டு பிரித்தால் பச்சைக்காயும் வெளுத்த காயும் ஒரே குவியலில் விழும். பருமன், நிறம், எடை யாவற்றையும் சேர்த்து நோக்கினாலே தரம் புலப்படும். அவ்வாறே, ஒரு சோதனையின் மதிப்பெண்ணை மட்டும் கொண்டால், கவலை நோயினரும் ஹிஸ்டீரியா நோயினரும் நலமுடையோரும் கலந்தே நிற்பர். பல சோதனைகளின் மதிப்பெண்களைத் தக்க எண்களாற் பெருக்கிக் கூட்டினால், ஒரு வகுப்பினுள் காணும் வேற்றுமையைவிட வகுப்புகளுக்கிடையே உள்ள வேற்றுமை மேலோங்கித் தோன்றும். அவ்வெண்களைக் கண்டுபிடிக்கும் வழியை 1936-ல் ஃபிஷர் வகுத்தார். அதனைப் பல வகுப்புகளுக்கும் ஏற்றவாறு 1948-ல் ராவ் விரித்தார். 1955-ல் சைக்கோமெட்ரிகா என்னும் மனோதத்துவ அளவைப் பத்திரிகையிலும் அவர் எழுதினார்.

ஆயினும் கலப்பு முற்றும் நீங்குவதில்லை. இவர் இன்ன வகுப்பினராதல் கூடும் என்பதே கணிதத்தின் கூற்று. நோயாளி தவறான வகுப்பிற் சேர்க்கப்பட்டால் துன்புறுபவர் அவரே. ஆதலின் அவரை நேரிற் கண்டு, அவர் சொல்லைக் கேட்டுத் தெளியும் மருத்துவரின் கடமை எஞ்சியே நிற்கிறது.

2023-ல், தமது 102-ஆம் வயதில், புள்ளியியலுக்கான சர்வதேசப் பரிசு பெற்ற ராவ் அவ்வாண்டே மறைந்தார். தேனியிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்தும் வந்து கணிதம் பயிலும் மாணவர், மனோதத்துவம் தமக்குப் புறம்பானதென்று ஒதுங்காதிருப்பாராக. மனோதத்துவம் பயில்வோர் கணக்கைக் கண்டு அஞ்சாதிருப்பாராக. நோயுற்றார்க்கு இருவர் துணையும் வேண்டும்.