காவலுக்கு ஒரு இராசபாளையம்: வாங்கும் முன் சிந்திப்போம்

ஆண் துணையற்ற வீடுகளில் இரவு மிக நீண்டது. வேலியோரம் சருகு சரசரத்தாலும் நித்திரை கலைந்துவிடும். மீள்குடியேறிய பெண்கள் பலர் காவலுக்கு ஒரு பெரிய நாய் வேண்டும் என எண்ணுவது இதனால்தான். அவ்வாறு தேடுவோர் கேள்விப்படும் பெயர்களில் ஒன்று இராசபாளையம். அதன் குணம் என்ன? எம்மால் அதைப் பராமரிக்க இயலுமா?

தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்திலுள்ள இராசபாளையமே இதன் தாயகம். பால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் திணைக்களம் நான்கு நாயினங்களுக்கு முத்திரை வெளியிட்டபோது இதுவும் இடம்பெற்றது.

இது பெரும்பாலும் வீட்டில் ஒருவருடனேயே மிக நெருக்கமாகப் பழகும். அந்நியர் தொடுவதை விரும்பாது. எவ்வளவு பாசமாக இருந்தாலும் சிறு பிள்ளைகளை அதனுடன் தனியே விடக்கூடாது. கோழியையும் பூனையையும் கண்டால் துரத்தும். கோழி வளர்த்துச் சீவிக்கும் சகோதரிகள் இதை மனதிற் கொள்ள வேண்டும்.

இது ஓடித் திரியும் நாய். புறக்கோட்டையில் தடித்த சங்கிலி சுலபமாக வாங்கலாம். ஆனால் நாள் முழுவதும் கட்டிக் கிடக்கும் நாய் மூர்க்கமாகிவிடும். நன்கு அடைத்த வளவும் தினமும் ஓட்டமும் தேவை.

சோறு மட்டும் போதாது. மீன், முட்டை, இறைச்சியும் வேண்டும். சமைத்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கலாம், வெங்காயம் நஞ்சு. மயிர் குட்டையானதால் பராமரிப்பு சுலபம். உண்ணியை மட்டும் அடிக்கடி பார்த்து அகற்றுங்கள். வெள்ளைக் குட்டிகள் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. வாங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள்.

எந்த நாயானாலும் வருடந்தோறும் விசர்நாய்க்கடித் தடுப்பூசி அவசியம். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு பூச வேண்டாம். நோய் அறிகுறி தோன்றிய பின் உயிர் தப்புவது அரிதிலும் அரிது.

பிள்ளைகளின் உணவுக்கே திண்டாடும் வீட்டுக்குப் பெரிய நாய் பாரமாகும். வருவோரைக் கண்டு குரைக்க ஊர் நாய்க்குட்டி ஒன்றே போதும். அதற்கும் தடுப்பூசியும் அன்பும் கொடுங்கள். நாய் குரைத்தால் எழுந்துவர அயலவர் வேண்டும். அவர்களின் தொலைபேசி இலக்கங்களுடன் பொலிஸ் அவசர இலக்கம் 119, பெண்கள் உதவி இலக்கம் 1938 ஆகியவற்றையும் சுவரில் எழுதி வையுங்கள்.