கூட்டத்தை எண்ணும் முன்

சித்திரைத் தேருக்கு மறுநாள் செய்தித்தாளைப் பிரித்தால் திருச்சி அருகே சமயபுரம் மாரியம்மன் கோயிலில் பல லட்சம் பக்தர்கள் திரண்டதாகப் படிப்போம். அந்தப் பல லட்சத்தை யார், எங்கே நின்று, எப்படி எண்ணினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. செய்திக்குக் குத்துமதிப்பு போதும். எத்தனை சிறப்புப் பேருந்து விடுவது, தண்ணீர்த் தொட்டிகளை எங்கே வைப்பது, போலீசாரை எந்த முனையில் நிறுத்துவது என்ற முடிவுகளுக்கு அது போதாது. இங்கேதான் புள்ளியியல் ஆலோசகருக்கு வேலை இருக்கிறது என்பது என் கருத்து. அவரைத் திருவிழா முடிந்த பிறகு அறிக்கை எழுதக் கூப்பிட்டுப் பயனில்லை. ஏற்பாடுகளைப் பற்றிய முதல் கூட்டத்திலேயே அவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவர் அங்கே கேட்கும் முதல் கேள்வி, இந்த எண்ணை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறீர்கள் என்பது. பேருந்துக்கு வேண்டியது எந்த மணிக்கு எத்தனை பேர் வந்து, எந்த மணிக்குத் திரும்புகிறார்கள் என்ற கணக்கு. நெரிசலுக்கு வேண்டியது ஒரே நேரத்தில் உள்ளே நிற்பவர்களின் கணக்கு. நாள் முழுக்க வந்தவர்களின் கூட்டுத்தொகை இரண்டுக்குமே பதில் சொல்லாது. ஒரு பேச்சுக்கு, நிமிடத்துக்கு 100 பேர் தரிசன வரிசைக்குள் நுழைகிறார்கள், ஒவ்வொருவரும் வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எந்த நேரத்திலும் உள்ளே 9,000 பேர் இருப்பார்கள். சன்னதி முன் தாமதமாகி அந்த ஒன்றரை மணி இரண்டு மணியானால், வாசலில் ஒரு ஆள்கூட அதிகமாக வராமலே உள்ளே 12,000 பேர் சேர்ந்துவிடுவார்கள். வாசலில் மட்டும் கண் வைத்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. தலைகளை எண்ணுவது பாதி வேலைதான். காத்திருக்கும் நேரத்தையும் அளக்க வேண்டும். 2019 ஏப்ரலில் இதே திருச்சி மாவட்டத்தில், துறையூர் அருகே ஒரு கருப்பசாமி கோயிலில் பூசாரி கையால் தரும் பிடிக்காசு வாங்கும் நெரிசலில் 7 பேர் இறந்துபோனார்கள். சமயபுரம் தேரோடு ஒப்பிட்டால் அது சிறிய கூட்டம். ஆனால் எல்லாரும் ஒரே இடத்தை நோக்கி முண்டினார்கள்.

எண்ணுவதற்கும் எல்லாரையும் எண்ண வேண்டியதில்லை. பாதயாத்திரையாக வருகிறவர்களைக் கொள்ளிடம் பாலத்தில் நின்று கால் மணிக்கு ஒரு நிமிடம் எண்ணினாலே முழுக் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். எந்த நிமிடம் என்பதை மட்டும் முன்கூட்டியே சீட்டுப் போட்டு முடிவு செய்துவிட வேண்டும். எண்ணுகிறவர் விருப்பத்துக்கு விட்டால், பால்குடமும் அக்கினிச்சட்டியும் திரளாக வருகிற நேரமாகப் பார்த்து எண்ணிவிடுவார். இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பாலத்தில் நின்றால் புதுக்கோட்டை, மணப்பாறைப் பக்கத்துக்காரர்கள் கணக்கில் விழுவார்கள். பெரம்பலூரிலிருந்து வருகிறவர்கள் கொள்ளிடத்தைக் கடக்காமலே கோயிலுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். இனாம் சமயபுரத்து ஆதி மாரியம்மனையும் கும்பிட்டுவிட்டு வருகிறவரை, இரண்டு கோயிலிலும் ஆள் நிறுத்தினால் இரண்டு முறை எண்ணிவிடுவோம். யாரை விட்டுவிட்டோம், யாரை இருமுறை சேர்த்தோம் என்று கேட்பதில்தான் ஆலோசகரின் பயிற்சி வெளிப்படுகிறது. பெருக்கலும் வகுத்தலும் யாருக்கும் வரும்.

எண்களைத் தருகிறவர்களுக்கு அவற்றைக் கூட்டவோ குறைக்கவோ காரணம் இருக்கும் என்பதையும் அவர் மறக்க மாட்டார். 1947இல் டெல்லி செங்கோட்டைக்குள் அகதிகள் தஞ்சம் புகுந்திருந்தபோது அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பு ஒப்பந்தக்காரர்களிடம் இருந்தது. உள்ளே எத்தனை பேர் என்று அரசுக்குத் தெரியாது. ஒப்பந்தக்காரர்கள் சொன்னதே கணக்கு, வந்ததே பில். புள்ளியியலாளர்களைக் கேட்டார்கள். அவர்கள் கோட்டைக்குள் போகாமலே, வாங்கியதாகக் காட்டப்பட்ட அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றின் அளவை ஒரு ஆள் சராசரியாகச் சாப்பிடும் அளவால் வகுத்துப் பார்த்தார்கள். அரிசிக் கணக்குப்படி ஆட்கள் மிக அதிகம். உப்புக் கணக்குப்படி மிகக் குறைவு. விலை உயர்ந்த பொருளை ஏற்றிக் காட்டினால் லாபம், உப்பை ஏற்றிக் காட்டி என்ன கிடைக்கும்? உப்பு சொன்ன எண்ணையே நம்பினார்கள். புள்ளியியலாளர் சி.ஆர்.ராவ் தம் நூலில் பதிவு செய்திருக்கும் இந்த நிகழ்ச்சியில் கடினமான கணிதம் எதுவும் இல்லை. யாருடைய லாபம் எந்த எண்ணைத் தொடுகிறது என்ற விசாரணை மட்டும் இருக்கிறது.

ஆலோசகரை முதலிலேயே அழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு என்னைப் பொறுத்தவரை மிகச் சிறந்த சாட்சி சென்னையில் இருக்கிறது. 1950களில் காசநோய்க்காரர்களைச் சானடோரியத்தில் படுக்கவைத்து, ஓய்வும் நல்ல சாப்பாடும் கொடுத்து, குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதே முறை. நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகள் ஒரு மூலைக்கும் காணாது. வீட்டில் வைத்தே மாத்திரை கொடுத்தால் போதாதா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருந்தது. 1956இல் உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு ஆகியவை சேர்ந்து ஒரு மையம் தொடங்கின. யாரை வீட்டில் வைப்பது, யாரைச் சானடோரியத்துக்கு அனுப்புவது என்பதை டாக்டரின் தேர்வுக்கு விடவில்லை. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். டாக்டர் தேர்ந்தெடுத்திருந்தால் தேறக்கூடியவர்கள் ஒரு பக்கம் சேர்ந்து, ஒப்பீடே பாழாகியிருக்கும். ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். ஐந்தாண்டுக் கணக்கில் அந்த இடைவெளியும் மறைந்தது. வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959இல் வெளியான அந்த ஓராண்டு முடிவு காசநோய் சிகிச்சையையே உலகெங்கும் வீட்டை நோக்கித் திருப்பியது. சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் போவது பிரேதப் பரிசோதனை கேட்பதற்குச் சமம் என்ற பொருளில் புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் 1938இல் கல்கத்தாவில் பேசினார். சென்னை மையம் அந்தத் தவறைச் செய்யவில்லை.

முப்பது வருடமாகத் திருவிழா நடத்துகிறவர்களுக்குத் தெரியாதது புள்ளியியல் ஆலோசகருக்கு என்ன தெரிந்துவிடும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எந்தச் சந்தில் கூட்டம் முட்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்காத ஆலோசகர் தவறான இடத்தில் நின்று எண்ணுவார். ஆனால் சானடோரியத்து டாக்டர்களுக்கும் அனுபவம் இருந்தது. அசம்பாவிதம் இல்லாமல் முடிந்த வருடங்களை அனுபவம் சாமர்த்தியக் கணக்கில் எழுதிக்கொள்ளும். அதில் எவ்வளவு அதிர்ஷ்டம் என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. காசு கொடுப்பவர் விரும்பும் எண்ணை ஆலோசகர் தந்துவிடுவாரே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். அதற்கு ஒரே மருந்து, எந்த எண் வந்தால் என்ன செய்வோம் என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டு வைப்பது. செலவைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். தேசியத் தொழில்நுட்பக் கழகமும், பாரதிதாசன் பல்கலைக்கழகமும், ஐஐஎம்மும் இருக்கிற ஊர் திருச்சி.

ஆலோசகர் ஒரே எண்ணாகச் சொல்லாமல் '8,000 முதல் 11,000 வரை' என்று இழுக்கிறாரே என்ற அலுப்புதான் கடைசியில் மிஞ்சும். எனக்கு அவரிடம் பிடித்ததே அந்த இழுப்புதான். மதிய வெயிலில் தண்ணீர் பற்றாமல் போனால் மயங்கி விழுவார்கள். மிஞ்சினால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆகவே தண்ணீருக்கு 11,000. வெளியேறும் வழிகளுக்கு அதையும் தாண்டி. அன்னதானத்துக்கு 8,000 பேருக்குச் சமைத்துவிட்டு, மீதிக்கு அரிசியைக் களைந்து தயாராக வைத்திருந்தால் போதும், அரை மணியில் அடுத்த உலை வைத்துவிடலாம். ஒற்றை எண்ணைக் கொடுத்திருந்தால் மூன்றுக்கும் அதையே போட்டிருப்பார்கள்.