படித்த கதைக்கும் ஒரு கணக்கு

சேமிப்புக்கும் கடனுக்கும் பாஸ்புக் வைத்திருக்கிறோம். படித்த நாவலுக்கு?

"அதான் படிச்சாச்சே, எதுக்கு எழுதணும்?" என்பீர்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம். ஏலத்தோட்ட வேலை வந்து நடுவில் நின்றால், எங்கே விட்டோம் என்பதே மறந்துபோகும்.

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நாவல், எழுதியவர், நின்ற பக்கம், மனசில் தைத்த ஒரு விஷயம் என ஐந்து கட்டம் போடுங்கள்.

முதலில் வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ படிக்கலாம். வைகை அணைக்காக ஊரை இழந்த நம்ம பக்கத்துச் சம்சாரிகளின் கதை. 2003-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. அடுத்து, உப்பளத் தொழிலாளர் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’.

கையெழுத்துக்கு மட்டும் பேனா பிடித்தால், கற்ற எழுத்தும் கைவிட்டுப் போகும். நோட்டில் ஒரு வரி எழுதினால் நிலைக்கும். அடுத்த கூட்டத்துக்கு நோட்டோடு வாங்க. தீர்மானம் எழுதி முடித்ததும், ஆளுக்கொரு கதை சொல்வோம்!