யாரும் சும்மா இல்லை, வேலை மட்டும் முடியவில்லை

சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன டீமுக்கு லீடாக இருந்தேன். ஐந்து டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர். தினமும் காலையில் ஸ்டாண்ட்அப், இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட், சுவரில் போர்டு, அதில் கலர் கலராக அட்டைகள். அஜைல் என்று சொல்லிக்கொள்ள என்னென்ன வேண்டுமோ எல்லாம் இருந்தது. ஆனால் எதுவும் நேரத்துக்கு முடியாது.

ஒரு ரிலீஸ் தள்ளிப்போனபோது மேலே இருந்தவர்கள் காரணம் கேட்டார்கள். "டெஸ்டிங்தான் ஸ்லோ" என்றேன். பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை. போர்டைப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. டெஸ்டிங் கட்டத்தில் 14 அட்டைகள் நின்றன. அந்த டெஸ்டர் தினமும் எல்லாரும் போன பிறகுதான் கிளம்புவார். சில மாதங்களில் வேலையை விட்டுப் போய்விட்டார். தப்பு அவரிடம் இல்லை, நான் வேலையைப் பிரித்துக் கொடுத்த விதத்தில் இருந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

ஒரு சின்ன கணக்கு

காத்திருக்கும் வரிசைகளைப் பற்றிய ஒரு விதியை ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தார். லிட்டில் விதி என்றே அதற்குப் பெயர். நம் வேலைக்கு ஏற்ற மாதிரி சொன்னால்: கையில் எடுத்து இன்னும் முடிக்காத வேலைகள் எத்தனையோ, அதை வாரத்துக்கு முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடிய சராசரியாக எத்தனை வாரம் ஆகும் என்பது கிடைக்கும்.

கையில் 30 டிக்கெட், வாரத்துக்கு 5 முடிகிறது என்றால் ஒரு டிக்கெட்டுக்கு 6 வாரம். கையில் 10 மட்டும் வைத்துக்கொண்டால், அதே வேகத்தில், 2 வாரம். யாரும் வேகமாக டைப் அடிக்கவில்லை, யாரும் கூடுதலாக உட்காரவில்லை. வேலை உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

"சரி, மீதி 20 எங்கே போகும்?" என்று கேட்பீர்கள். அது வெளியே, ஆரம்பிக்காமல், நிற்கும். அப்படி நிற்பதில் பெரிய நஷ்டம் இல்லை. முன்னே பின்னே மாற்றலாம், வேண்டாம் என்றால் தூக்கிப் போடலாம். பாதி எழுதிய கோடு அப்படி இல்லை. ஆறு வாரம் கழித்து டெஸ்டர் ஒரு பிழையைக் காட்டினால், எழுதியவருக்கே "இதை ஏன் இப்படி எழுதினேன்?" என்று நினைவிருக்காது. இரண்டு நாளில் காட்டினால் பத்து நிமிஷத்தில் சரிசெய்து விடுவார்.

அட்டையை எடுத்துக்கொண்டோம், அனுமதியை விட்டுவிட்டோம்

இந்த அட்டை முறை டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ உருவாக்கியது. அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டுகளில் அலமாரி காலியான அளவுக்கு மட்டும் சரக்கை நிரப்பும் வழக்கம் அவருக்கு ஒரு முன்மாதிரி. தொழிற்சாலையில் கான்பன் அட்டை ஒரு அனுமதிச் சீட்டு. அடுத்த கட்டத்திலிருந்து அட்டை வராமல் முந்தைய கட்டம் உற்பத்தி செய்யக் கூடாது. எங்கள் போர்டில் அட்டை இருந்தது, அந்தத் தடை இல்லை. டெஸ்டர் முன்னால் எத்தனை குவிந்தாலும் டெவலப்பர்கள் தள்ளிக்கொண்டே இருக்கலாம். யாரும் சும்மா இருக்கக் கூடாது என்று நானே புது டிக்கெட்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மென்பொருளில் இந்தத் தடையைப் போட்டுப் பார்த்ததற்கு நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் உள் மென்பொருள்களைப் பராமரித்த ஒரு டீம் ஹைதராபாதில் இருந்தது. 2004-ல் டிராகோஸ் டுமிட்ரியு அதன் பொறுப்பை ஏற்றார், டேவிட் ஆண்டர்சன் ஆலோசனை சொன்னார். மூன்று டெவலப்பர்கள், மூன்று டெஸ்டர்கள். 80-க்கும் மேல் கோரிக்கைகள் தேங்கியிருந்தன. ஒரு கோரிக்கை முடிய ஏறக்குறைய 5 மாதம்.

நேரம் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். டீமின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், புதிதாக வரும் கோரிக்கைகளுக்கு எவ்வளவு நாளாகும் என்று எஸ்டிமேட் போடுவதிலேயே போய்க்கொண்டிருந்தது. அதிலும் பல கோரிக்கைகள் கடைசி வரை செய்யப்படவே இல்லை! எஸ்டிமேட்டை நிறுத்தினார்கள். ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு வைத்தார்கள். இடம் காலியாகும்போது அடுத்து எது என்பதைக் கேட்பவர்களே கூடி முடிவு செய்தார்கள். ஆட்களைக் கூட்டியது பிறகுதான். சுமார் 9 மாதத்தில் 5 மாதக் காத்திருப்பு ஏறக்குறைய 2 வாரமாகக் குறைந்தது.

செய்து பார்க்க

பிறகு வேறொரு டீமில் இதைச் சின்ன அளவில் செய்து பார்த்தேன். டெஸ்டிங் கட்டத்துக்கு மேலே "3" என்று எழுதினோம். மூன்று அட்டைகள் இருந்தால் நாலாவதைத் தள்ள முடியாது. அப்போது டெவலப்பர் என்ன செய்வார்? எழுந்து போய் டெஸ்டருக்கு உதவ வேண்டும். டெஸ்ட் டேட்டா தயார் செய்யலாம், திரும்பத் திரும்பக் கையால் செய்யும் சோதனைக்கு ஸ்கிரிப்ட் எழுதலாம்.

முதல் வாரம் முணுமுணுப்பு. "நான் டெவலப்பர், எனக்கு எதுக்கு டெஸ்டிங்?" என்றார் ஒருவர். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒருவர் புது டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க லீடுக்கு மனசு வராது. ஆனால் எது அடைக்கிறது என்பது அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. அடைப்பு ஒருத்தர் தலையில் விழாமல் டீமின் பிரச்சினை ஆகிறது.

உங்கள் போர்டை நாளைக்கு ஒருமுறை பாருங்கள். யார் சும்மா இருக்கிறார்கள் என்று பார்க்காமல், எந்த அட்டை எத்தனை நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த 14 அட்டைகளை நான் அப்படி எண்ணியிருந்தால், அன்றைக்கு மேலே வேறு பதில் சொல்லியிருப்பேன்.