திரூர் நெல்லில் ஒளிந்திருந்த மரபணு

அம்பத்தூர், ஆவடி தாண்டித் திருவள்ளூர் போகும் மின்ரயில் பாதையில், செவ்வாப்பேட்டைக்கு அருகே இருக்கிறது திரூர். அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் 1952இல் வெளியிட்ட டி.கே.எம். 6 என்ற ரகத்தை இந்தப் பகுதிப் பள்ளிகளில் மெண்டலின் பட்டாணிக்குப் பக்கத்திலேயே வைத்துச் சொல்லித் தரலாம். அவ்வளவு பாடம் அதில் இருக்கிறது.

ஜி.இ.பி. 24, கோ 18 என்ற இரண்டு ரகங்களைக் கலந்து பிறந்தது அது. நெல்லைக் கலப்பது லேசான வேலையல்ல. ஆறு மகரந்தப்பைகளும் சூலகமும் ஒரே உமிக்குள் இருப்பதால், பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவுற்றுவிடும். அதனால் முதல்நாள் மாலையே உமியின் நுனியைக் கத்தரித்து, ஆறு பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, கதிரைக் காகித உறையால் மூடி வைப்பார்கள். மறுநாள் முற்பகலில் மற்ற ரகத்தின் பூத்த கதிரைக் கொண்டுவந்து அதன்மேல் உதறுவார்கள். ஒரு பை விடுபட்டாலும் கலப்பு கெட்டுப்போகலாம்.

டி.கே.எம். 6 தண்டுத் துளைப்பான் பூச்சியை ஓரளவு தாங்கியது. அதனால் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைப் பெற்றோராக்கி, 1969இல் ஐ.ஆர். 20 ரகத்தைத் தந்தது. ஆனால் புகையான் என்ற பூச்சி வந்தால் டி.கே.எம். 6 காய்ந்து கருகிவிடும். புகையானுக்கு அதேபோல் பலியாகும் தைச்சுங் நேட்டிவ் 1 ரகத்தோடு அதைக் கலந்தபோதுதான் ஆச்சரியம் காத்திருந்தது. வாரிசுகளில் சில புகையானைத் தாங்கி நின்றன!

தாய்க்கும் தந்தைக்கும் இல்லாத குணம் பிள்ளைக்கு எப்படி வந்தது? மார்ட்டினெஸ், குஷ் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1974இல் விடை சொன்னார்கள். எதிர்ப்பு மரபணு டி.கே.எம். 6க்குள் ஏற்கெனவே இருந்தது. கூடவே அதை வேலைசெய்ய விடாமல் அடக்கும் இன்னொரு மரபணுவும் இருந்தது. கலப்பின் இரண்டாம் தலைமுறையில் இரண்டும் தனித்தனியே பிரிந்து சேர்கின்றன. கணக்குப்படி 16 செடிகளில் 3 செடிகளுக்கு எதிர்ப்பு மரபணு கிடைக்கும், அடக்கும் மரபணு கிடைக்காது. செடியைப் பார்த்து மட்டும் முடிவு செய்திருந்தால், புகையானைத் தாங்க உதவாத ரகம் என்று டி.கே.எம். 6ஐ ஒதுக்கியிருப்பார்கள்.

அந்த மரபணுவோடு 1973இல் ஐ.ஆர். 26 வந்தது. சில ஆண்டுகளிலேயே அதையும் தாக்கக்கூடிய புகையான் பெருகிவிட்டது. பூச்சிக்கும் மரபணு உண்டல்லவா? 1976இல் வந்த ஐ.ஆர். 36 வேறொரு எதிர்ப்பு மரபணுவோடு வந்து, 1980களில் உலகில் ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேல் விளைந்தது. அதன் முன்னோர் வரிசையிலும் டி.கே.எம். 6 இருக்கிறது.