இடது பிடியை இழுத்தால் வலது பக்கம் திரும்பும்

பவர் டில்லரைப் பார்த்தால் இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். இரண்டு சக்கரம், ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், பின்னால் மண்ணைக் கொத்திப் புரட்டும் ரோட்டரி, பிடித்துக்கொண்டு நடக்க நீண்ட கைப்பிடிகள். பெரும்பாலும் 12, 13 குதிரைத்திறன். ஜப்பானிய நெல்வயல்களுக்காக உருவான இந்த வண்டியை இந்தியாவில் பெங்களூரின் வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியுடனும், கேரள அரசின் காம்கோ குபோட்டாவுடனும் கைகோத்துத் தயாரிக்கத் தொடங்கின. டிராக்டர் திரும்ப இடமில்லாத சிறு வயல்களிலும் தோப்புகளிலும் இதை விட்டால் வேறு ஆள் இல்லை.

இதற்கு ஸ்டியரிங் கிடையாது. ஒவ்வொரு கைப்பிடியின் கீழும் ஒரு கிளட்ச் பிடி இருக்கும். இடது பிடியை இழுத்தால் இடச் சக்கரத்துக்குப் போகும் விசை அறும். வலச் சக்கரம் மட்டும் ஓடும். வண்டி இடப்பக்கம் திரும்பும். சமதரையில் அரை மணி நேரம் ஓட்டினால் கை தானாகப் பழகிவிடும்.

சிக்கல் சரிவில். வரப்பிலிருந்து வண்டியை வயலுக்குள் இறக்கும்போது எஞ்சின் சக்கரங்களை ஓட்டுவதில்லை, இழுத்துப் பிடிக்கிறது. அப்போது இடது பிடியை இழுத்தால் இடச் சக்கரம் எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். வலச் சக்கரமோ இன்னும் எஞ்சினின் கட்டில் இருக்கும். விளைவு, வண்டி வலப்பக்கம் சாய்ந்து திரும்பும். பதறியவர் அதே பிடியை இன்னும் இறுக்குவார். வண்டி இன்னும் திரும்பும். சரிவில் இந்தக் கிளட்ச் பிடிகளைத் தொடவே கூடாது. குறைந்த கியரில் போட்டு, கைப்பிடியை உடல் பலத்தால் தள்ளித்தான் திருப்ப வேண்டும். நியூட்ரலில் இறக்குவது அதைவிட மோசம்.

ஓட்டி ஓட்டிப் பழகலாம் என்று சொல்வார்கள். பாதிதான் சரி. மண்ணின் பதம் அப்படித்தான் பிடிபடும். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பளவிலிருந்து கீழே போட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் உழலாம், அப்பிக்கொண்டால் பொறுக்க வேண்டும். ஈரம் மிஞ்சிய களிமண்ணில் உழுதால் ரோட்டரியின் கத்திகளில் மண் சுற்றிக்கொள்ளும், காய்ந்தபின் கட்டி தட்டும். பின்னால் உள்ள வால் சக்கரத்தை ஏற்றினால் ஆழம் கூடும், இறக்கினால் குறையும். கத்திகளை எல்லாம் உள்நோக்கி மாட்டினால் நடுவில் மேடு விழும், வெளிநோக்கி மாட்டினால் நடுவில் பள்ளம் விழும், மாற்றி மாற்றி மாட்டினால் தரை சமமாகும். இதிலெல்லாம் தவறினால் போவது கொஞ்சம் டீசலும் ஒரு சால் உழவும்தான்.

பின்னோக்கி ஓட்டுவது அப்படியல்ல. ரிவர்ஸ் கியரில் கைப்பிடி மேலே எழும்பும். அமுக்கிப் பிடிக்காவிட்டால் நிலை தடுமாறும். அந்த நேரத்தில் ரோட்டரியும் சுழன்றால் கத்திகள் ஓட்டுபவரின் காலை நோக்கித்தான் வரும். அதனால்தான் ரிவர்ஸ் விழும்போது ரோட்டரி சேராதபடி பல மாடல்களில் பூட்டு வைத்திருக்கிறார்கள். இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைக் கழற்றிவிடாதீர்கள். இறுகிய தரையிலும் கவனம் வேண்டும். கத்திகள் மண்ணில் இறங்காமல் சக்கரம்போல உருண்டு வண்டியை முன்னே பாயவைக்கும். அங்கே மேலோட்டமாக ஒரு முறை ஓட்டிவிட்டு, பிறகு ஆழத்தைக் கூட்டுவதே முறை.

கையால் சுற்றிக் கிளப்பும் மாடலாக இருந்தால் கட்டைவிரலையும் மற்ற விரல்களின் பக்கமே வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரல்தான் முதலில் அடிபடும்.

வண்டி வாங்குவோர் மானியம் எவ்வளவு என்று வேளாண்மைப் பொறியியல் துறையில் தவறாமல் விசாரிக்கிறார்கள். விற்பவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: சரிவில் இறக்கி, பின்னோக்கி எடுத்து, உங்கள் வயலிலேயே ஒரு முறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகு பணம் கட்டலாம்.